மைப் பேனாவில் வரையத் தொடங்கலாமா? – கேள்வி பதில்

கட்டட வரைபட அலுவலகத்தில் டிராப்ட்ஸ்மேனாக இருந்தவன் நான். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பு டிரேசிங் தாளில் மையால் கோடு இழுத்துப் பழகிய கை. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ஏதாவது ஒரு கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து வரைகிறேன். பேனா ஓவியம் பழக ஆசைப்படுகிறவர்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

சார், தொடங்குவதற்கு என்னென்ன வாங்க வேண்டும்? பேனா செட், நிப் செட் என்று பார்த்தால் ஆயிரக்கணக்கில் போகிறது. (கல்லூரி மாணவி, திருச்சி)

செட் எதுவும் வேண்டாம்மா. பிக்மென்ட் மை, அதாவது நுண்ணிய நிறப்பொடி கலந்த மை உள்ள ஃபைன்லைனர் (மெல்லிய முனைப் பேனா) ஒன்று, ஒரு எச்பி பென்சில், நல்ல தாள் உள்ள நோட்டு ஒன்று. சகுரா மைக்ரான் வாங்கினால் 03 என்று போட்டதை எடுங்கள், 0.35 மி.மீ. கோடு வரும். 005 என்பது 0.20 மி.மீ. ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் புதுக் கை அழுத்தும், முனை நசுங்கிவிடும்.

பேனாவில் மிச்சம் பிடித்துத் தாளில் செலவழியுங்கள். ஜெராக்ஸ் தாள் 70, 75 ஜிஎஸ்எம்தான் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) இருக்கும். மை ஓரங்களில் ஊறும். 150 ஜிஎஸ்எம்முக்குக் குறையாமல், தடவிப் பார்த்தால் வழுவழுப்பாக இருக்கும் தாளாக வாங்குங்கள். மையைத் தண்ணீரில் கரைத்துப் பூசவும் எண்ணமிருந்தால் 300 ஜிஎஸ்எம் வாட்டர்கலர் தாளில் 'ஹாட் பிரஸ்' என்று கேளுங்கள், அது வழுவழுப்பான வகை. சொரசொரப்பான தாளில் நிப் சிக்கும்.

பால்பாயின்ட் பேனாவில் வரையலாமா?

தாராளமாக. லேசாகத் தொட்டால் சாம்பல் நிறம், அழுத்தினால் கறுப்பு. ஃபைன்லைனரில் இது கிடைக்காது. வெளிச்சம் படும் சுவரில் மாட்டினால் வெளுத்துவிடும், அவ்வளவுதான்.

ஃபவுன்டன் பேனாவில் இந்தியன் இங்க் ஊற்றினேன். ஒரு வாரமாக எழுத மாட்டேன் என்கிறது. (வங்கி ஊழியர், மதுரை)

ஐயோ. அந்த மையில் இருப்பது நுண்ணிய கரி. அது தாளில் பிடித்து நிற்பதற்காகப் பெரும்பாலும் அரக்கு சேர்த்திருப்பார்கள். காய்ந்துவிட்டால் தண்ணீரில் கரையாது. ஓவியத்துக்கு அதுதான் பலம். ஃபவுன்டன் பேனாவுக்கு அதுவே எமன். பேனாவைக் கழற்றி வெதுவெதுப்பான தண்ணீரில் சில துளி அம்மோனியா விட்டு ஊறவைத்து, மறுநாள் கழுவிப் பாருங்கள். ஸ்பிரிட் வேண்டாம், சில பிளாஸ்டிக்கை அது கெடுத்துவிடும். நான் பத்தாம் வகுப்பில் அப்பாவின் பேனாவை இப்படித்தான் காலி செய்தேன். வீட்டில் இன்னும் அதைச் சொல்லிக்காட்டுகிறார்கள்.

இந்தியன் இங்க் தொட்டு வரையும் நிப்புக்கும் தூரிகைக்கும் மட்டும்.

தொட்டு வரையும் நிப் புதிதாக வாங்கினேன். மை ஒட்டாமல் முத்து முத்தாக உருண்டு சொட்டுகிறது.

துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் பூசித்தான் விற்கிறார்கள். பாத்திரம் தேய்க்கும் சோப்போ பல் பேஸ்டோ தடவிக் கழுவித் துடையுங்கள். நிப்பின் நடுவே ஒரு துளை இருக்கிறதே, அது நனையும் அளவுக்கு மை தொட்டால் போதும். உங்கள் பக்கம் இழுக்கும்போது அழுத்தலாம். இரண்டு இதழும் விரிந்து கோடு தடிக்கும். எதிர்ப்பக்கம் தள்ளும்போது அழுத்தினால் தாளைக் குத்தி மை தெறிக்கும். கையை வளைக்காமல் தாளைத் திருப்பிக்கொள்ளுங்கள். வரைந்து முடித்ததும் நிப்பைக் கழுவி ஈரம் போகத் துடைக்க மறக்காதீர்கள்.

நிழலுக்குக் குறுக்குக் கோடு போட்டால் எனக்கு ஜன்னல் கம்பி வலை மாதிரி வருகிறது. என்ன தப்பு? (பள்ளி ஓவிய ஆசிரியர், தஞ்சாவூர்)

நல்ல கேள்வி, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். முதல் அடுக்குக்குச் செங்குத்தாக இரண்டாவது அடுக்கைப் போடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்போது இடையில் சதுரங்கள் விழும், கண் அந்தச் சதுரங்களைத்தான் பார்க்கும். இரண்டாவது அடுக்கை லேசாகச் சாய்த்து, ஒரு 30 டிகிரி அளவில் போட்டுப் பாருங்கள். சதுரம் மறைந்து நிழல் தெரியும். முதல் அடுக்கு காய்ந்த பிறகே அடுத்தது.

இன்னொன்று, பென்சில் பழகியவர்கள் எல்லா இடத்தையும் நிரப்பிவிடுவார்கள். ஃபைன்லைனரிலும் நிப்பிலும் சாம்பல் நிறம் என்று ஒன்று இல்லை. கறுப்புக் கோடும் இடையில் விட்ட வெள்ளையும்தான் இருக்கின்றன, சாம்பலைக் கண்தான் கலந்துகொள்கிறது. ஆகவே கோட்டைவிட இடைவெளியைக் கவனிக்க வேண்டும். ஐந்து கட்டம் போடுங்கள். முதல் கட்டம் வெறும் தாள், ஐந்தாவது முழுக் கறுப்பு. நடுவிலுள்ள மூன்றையும் கோட்டின் நெருக்கத்தால் மட்டுமே கொண்டுவாருங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் இதைத் தாண்டாமல் யாருக்கும் நிழல் வந்து நான் பார்த்ததில்லை.

அப்புறம் ஒரு பித்தளைக் குத்துவிளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் பளபளக்கும் இடம் தனியாகத் தெரியும். அங்கே பேனா போகவே கூடாது. தண்டு உருண்டையானது என்பதால் கோடும் அதைச் சுற்றி வளைய வேண்டும். நேர்க்கோடு போட்டால் தகடு மாதிரி தட்டையாகிவிடும்.

உங்கள் மாணவர்களுக்கு இருவரைக் காட்டுங்கள். ஆனந்த விகடனில் சில்பி வரைந்த கோயில் சிற்பங்களில், கல்லில் வெளிச்சம் விழும் இடமெல்லாம் வெறும் தாளாகவே நிற்கும். ஓவியர் கே.எம். ஆதிமூலத்தின் காந்தி கோட்டோவியங்கள், காந்தி நூற்றாண்டான 1969ஐ ஒட்டி வந்தவை, வேறு வழி. அங்கே கோடுகள் கட்டற்று ஓடும், ஆனாலும் முகம் குலையாது. நான் சில்பி கட்சி. ஆனால் கை இறுகிப்போன நாளில் ஆதிமூலத்தைத்தான் எடுத்து வைத்துப் பார்ப்பேன்.

சென்னையில் கை வியர்த்துத் தாள் நசநசத்துப் போகிறது. போதாததற்கு நான் இடக்கைக்காரன்.

கைக்குக் கீழே இன்னொரு தாளைப் போட்டுக்கொள்ளுங்கள். வியர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும் பட்ட இடத்தில் மை சரியாகப் பிடிக்காது. இடக்கைக்காரர்கள் வலப்பக்கத்திலிருந்து தொடங்கினால் ஈரக் கோட்டின் மேல் கை போகாது.

பென்சில் கோட்டை அழித்தால் மையும் மங்குகிறதே?

அவசரம்தான் காரணம். தொட்டால் காய்ந்தது போலத்தான் இருக்கும். ஒரு மணி நேரம் விடுங்கள், நிப்பில் வரைந்தது என்றால் ஒரு இரவு. அழிக்க மெத்தென்ற ரப்பர் போதும். அதைவிட, பென்சிலை லேசாகப் போட்டால் அழிக்கவே நிறைய இருக்காது.

தப்பாகக் கோடு விழுந்துவிட்டால்?

கனமான தாளில், மை நன்றாகக் காய்ந்த பிறகு, பிளேடைப் படுக்கவைத்து மெல்லச் சுரண்டலாம். எங்கள் அலுவலக மேசைகளில் ரப்பரைவிட பிளேடுதான் அதிகம் தேய்ந்தது. சின்னத் தப்பு என்றால் வெள்ளை போஸ்டர் கலர். பெரிய தப்பு என்றால் அந்த இடத்தில் ஒரு நிழலோ செடியோ வந்துவிடும். என் படங்களில் செடிகள் நிறைய.

தம்பி, எனக்கு 61 வயது. லேசாகக் கை நடுங்குகிறது. கோலம் மட்டும் நன்றாகப் போடுவேன். இது எனக்கு வருமா?

அக்கா, பாதி வேலை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். கம்பி இழுக்கும்போது விரலையா பார்க்கிறீர்கள்? அடுத்த புள்ளியைத்தானே பார்க்கிறீர்கள்? பேனாவுக்கும் அதேதான். முனையைப் பார்க்காமல் கோடு போய்ச் சேர வேண்டிய இடத்தைப் பாருங்கள். விரலை மட்டும் அசைக்காமல் முழங்கையோடு இழுத்தால் நடுக்கம் குறையும். மிச்சமிருக்கும் நடுக்கத்துக்கு வாசல் வேப்பமரத்தை வரையுங்கள். அந்தப் பட்டையில் ஒரு நேர்க்கோடு கிடையாது.