பிரேக் மிதி தரையைத் தொடுகிறதா? கிட் வாங்கும் முன் சிலிண்டரைத் திறந்து பாருங்கள்

குளச்சலிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். சித்தப்பாவின் 1970 மாடல் எம்ஜிபி, மேல்கூரை மடக்குகிற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், 8 வருஷமாகக் கொட்டகையில் நின்றதாம். இப்போது எஞ்சின் ஓடுகிறது, ஆனால் பிரேக் மிதித்தால் மிதி தரையில் போய் ஒட்டுகிறது. மிதித்ததும் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்கு மட்டும் வாஷர் கிட், அதாவது உள்ளே இருக்கும் ரப்பர் சீல்களின் செட், போட்டால் போதும் என்கிறார் பக்கத்து மெக்கானிக். போதுமா என்று கேட்கிறார்.

போதாது தம்பி. வலது ஸ்டியரிங் வைத்த அந்தக் கால எம்ஜிபியில் நாலு சக்கரத்துக்கும் ஒரே ஆயில் சர்க்யூட்தான். மேலே புது வாஷர் போட்டு முழு அழுத்தம் வந்ததும், கீழே இருக்கிற பழைய ரப்பரில் எது வலுவில்லையோ அது விட்டுவிடும், நாலு பிரேக்கும் சேர்ந்து போகும்.

எதையும் கழற்றும் முன்னால் மிதியை நாலைந்து தடவை அடித்துப் பாருங்கள். அடிக்க அடிக்க மேலே வந்து கெட்டியாக நின்றால் பின்பக்க ஷூ டிரம்மை விட்டுத் தள்ளி நிற்கலாம். டிரம்முக்குப் பின் தகட்டில் இருக்கும் சதுரத் தலை அட்ஜஸ்டரை இறுக்கிச் சக்கரம் பூட்டியதும், சுற்றும் அளவுக்குத் தளர்த்துங்கள். பஞ்சு மாதிரி அமுங்கினால் ஆயிலில் காற்று புகுந்திருக்கிறது. கெட்டியாக நின்றுவிட்டு, வெளியே எங்கும் கசியாமல் மெல்ல மெல்ல இறங்கினால்தான் மாஸ்டர் சிலிண்டர்.

பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். 8 வருஷம் கடல்காற்று, அதோடு வருஷத்துக்கு இரண்டு மழைக்காலம் என்றால் உள்ளே என்ன நடந்திருக்கும் என்று சொல்லவே வேண்டாம். அந்த ஈரம் சிலிண்டரின் உள்சுவரை அரித்துக் குழி போட்டுவிடும். ஸ்பிரிட்டால் துடைத்து நகத்தை ஓட்டிப் பாருங்கள், நகம் மாட்டினால் கிட் வாங்கிய காசு தண்டம். நானே ஒருமுறை சிக்கனம் பார்த்துக் குழி விழுந்த சிலிண்டரில் கிட் போட்டு, ஒரே மாதத்தில் தக்கலைப் பக்கம் ஹேண்ட்பிரேக்கைப் பிடித்து வண்டியை நிறுத்தினேன். புது சிலிண்டர் போடுங்கள், இல்லையென்றால் நல்ல லேத் பட்டறையில் ஸ்டெயின்லெஸ் ஸ்லீவ் அடிக்கச் சொல்லுங்கள். பின்பக்க ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர் இரண்டையும் பார்க்கவே வேண்டாம், புதுசு மாற்றிவிடுங்கள்.

முன் சக்கர டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரில் பிஸ்டனை வெளியே எடுக்கக் கம்ப்ரசர் காற்று வேண்டாம், தெறித்து வந்தால் விரல் போய்விடும். ஹோஸைக் கழற்றும் முன்னாலேயே மிதியை மெல்ல அமுக்கி ஆயில் அழுத்தத்தாலேயே நகர்த்துங்கள். பிஸ்டன் மேல் முலாம் உரிந்திருந்தால் ஸ்டெயின்லெஸ் பிஸ்டன் வாங்கிப் போடுங்கள். காலிப்பரின் இரண்டு பாதியையும் இணைக்கும் போல்ட்டைத் தொடாதீர்கள், அதைப் பிரிக்காமலே சீலை மாற்ற முடியும். ரப்பர் ஹோஸ் மூன்றும் கட்டாயம் புதுசு, ஏனென்றால் பழையது உள்ளே ஊதிப்போய் ஆயிலைப் போகவிடும், திரும்ப விடாது.

பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் எதிலும் ரப்பரைக் கழுவாதீர்கள், உப்பிவிடும். பழைய லைனிங் தூளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

அப்புறம் ஆயில். டாட் 4 ரகப் பிரேக் ஆயில் போதும். புதுசாக இருக்கும்போது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறினால் 155-க்கு இறங்கிவிடும், கோதையாறு மலைச்சாலையில் இறங்கும்போது அந்த வித்தியாசம் காலில் தெரியும். நம்ம ஊரில் வருஷம் ஒருமுறை மாற்றிவிடுங்கள். பெயின்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள்.

பழைய மாஸ்டர் சிலிண்டரையே வைத்துக்கொண்டால், ஏர் எடுக்கும்போது, அதாவது ஆயிலில் இருக்கும் காற்றை வெளியேற்றும்போது, மிதிக்கு அடியில் ஒரு பலகைத்துண்டு வையுங்கள், வாஷர் இதுவரை தொடாத சொரசொரப்பான இடத்துக்குப் போய்க் கிழியாது.

முதல் ஓட்டம் வடசேரி நெரிசலில் வேண்டாம். விடியற்காலையில் சமதரை ரோட்டில் 50-லிருந்து 15-க்கு மெதுவாகப் பத்துப் பதினைந்து தடவை குறையுங்கள், இடையிடையே ஆறவிடுங்கள். நிறுத்தியதும் ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கை காட்டிப் பாருங்கள்: முன்னால் ஒன்று மட்டும் அனலடித்தால் அந்தப் பக்கப் பிஸ்டன் சிக்கியிருக்கிறது, பின்னால் என்றால் முதலில் ஹேண்ட்பிரேக் கேபிளைத் தளர்த்துங்கள்.