தாமதமாகும் என்று தெரிந்தும் குறைந்த கட்டண விமானத்தில் போகலாமா?

கேள்வி: என் மகளுக்கு ஜனவரியில் ஒரு திங்கட்கிழமை காலை 10 மணிக்கு டெல்லியில் நேர்முகத் தேர்வு. மதுரையிலிருந்து சென்னைக்கு ஒரு விமானம், அங்கிருந்து ஞாயிறு இரவு டெல்லிக்கு வேறொரு குறைந்த கட்டண விமானம் என்று தனித்தனியாக டிக்கெட் எடுத்தால் ஆளுக்கு இரண்டாயிரம் ரூபாய் மிச்சமாகிறது. "அது என்றைக்கு நேரத்துக்குக் கிளம்பியது?" என்று என் மைத்துனர் தடுக்கிறார். ஆனால் அவரே ஆண்டுதோறும் அதில்தான் சுற்றுலா போகிறார். என்ன செய்யட்டும்?
– வாசகர், மதுரை

பதில்: உங்கள் மைத்துனர் போவதிலும் தவறில்லை, உங்களைத் தடுப்பதிலும் தவறில்லை. சுற்றுலா போகிறவருக்கு மூன்று மணி நேரத் தாமதம் ஒரு சலிப்போடு முடிந்துவிடும். உங்கள் மகளுக்கோ அதே மூன்று மணி நேரம் ஒரு வாய்ப்பையே பறித்துவிடக்கூடும். ஆகவே, எந்த நிறுவனம் என்று பார்ப்பதற்கு முன்னால், இறங்கும் ஊரில் நமக்காக எது காத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

குறைந்த கட்டணம் சாத்தியமாவதே பெருமளவுக்கு விமானம் தரையில் நிற்கும் நேரத்தைக் குறைப்பதால்தான். தரையிறங்கிய அரை மணி நேரத்திலேயே அடுத்த பயணிகளை ஏற்றிக்கொண்டு கிளம்பி, ஒரே விமானம் நாளொன்றுக்கு ஐந்தாறு முறை பறக்கிறது. காலையில் எங்கோ ஏற்பட்ட நாற்பது நிமிடத் தாமதம் மாலைக்குள் வளர்ந்துகொண்டே வரும் என்பதால், அதே நிறுவனத்தின் முதல் விமானத்தை நம்பலாம், கடைசி விமானத்தை நம்ப முடியாது. டெல்லிக்கு மட்டும் இதில் ஒரு திருத்தம் உண்டு. டிசம்பர், ஜனவரி மாதங்களில் அங்கே பின்னிரவிலும் விடியற்காலையிலும் மூடுபனி இறங்கும். அப்போது எந்த நிறுவனத்தின் விமானமும் தாமதமாகக்கூடும். பனி விலகிய பிறகு, ஞாயிறு நண்பகலை ஒட்டி டெல்லியில் இறங்கும் விமானமே உங்களுக்கு ஏற்றது.

தனித்தனி டிக்கெட் எடுக்கும் யோசனையைத் தயவுசெய்து கைவிடுங்கள். மதுரை விமானம் தாமதமாகி டெல்லி விமானத்தை நீங்கள் தவறவிட்டால், இரண்டாவது நிறுவனத்தின் கணக்கில் அது நீங்கள் வராமல் போனதாகவே பதிவாகும். டிக்கெட் பணம் பெரும்பாலும் போனதுதான். ஒரே பி.என்.ஆரில், அதாவது ஒரே முன்பதிவு எண்ணில், இரண்டு பயணமும் இருந்தால், உங்களை டெல்லியில் சேர்க்கும் பொறுப்பு அந்த நிறுவனத்துடையது. நீங்கள் மிச்சம் பிடிக்க நினைக்கும் இரண்டாயிரம் ரூபாய் இந்தப் பாதுகாப்பின் விலைதான்.

குறைந்த கட்டணம் என்பதற்காக உரிமை குறைந்துவிடுவதில்லை. சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரக விதிகளின்படி, மதுரை–சென்னை போன்ற குறுகிய பயணத்தில் 2 மணி நேரத்துக்கு மேலும், இரண்டரை மணி நேரத்தைத் தாண்டும் சென்னை–டெல்லி பயணத்தில் 3 மணி நேரத்துக்கு மேலும் தாமதமானால் உணவும் சிற்றுண்டியும் தர வேண்டும். மூடுபனியால் தாமதமான ஒரு வழக்கில், தாமதத்துக்கு நிறுவனம் பொறுப்பல்ல என்று 2011-இல் சொன்ன உச்ச நீதிமன்றமே, மலிவு டிக்கெட் என்பதைக் காரணம் காட்டி, காத்திருக்கும் பயணிகளைக் கவனிக்கும் கடமையிலிருந்து நிறுவனம் நழுவ முடியாது என்றும் சொன்னது. ஆனால், வெறும் தாமதத்துக்கு ரொக்க இழப்பீடு இந்த விதிகளில் கிடையாது என்பதையும் அறிந்திருங்கள்.

சென்ற ஆண்டு சென்னையில் ஓர் இரவு 9.40 மணி விமானத்துக்காக நள்ளிரவு தாண்டியும் காத்திருந்தேன். அறிவிப்புப் பலகையில் நேரம் மூன்று முறை மாறியது. எதிரே ஒரு மூதாட்டி, பேரனுக்கென்று கட்டிவந்த முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிடத் தொடங்கினார். உணவைப் பற்றி ஊழியர்கள் வாய் திறக்கவே இல்லை. ஒருவர் எழுந்து போய் விதியைச் சொல்லிக் கேட்ட பிறகுதான், மேசைக்கு அடியிலிருந்து உப்புமா டப்பாக்கள் வெளியே வந்தன. அந்த மூதாட்டிக்கு அது முதலிலேயே கிடைத்திருக்க வேண்டும். கேளுங்கள், கூச்சப்படாதீர்கள்.

கேள்வி: என் விமானம் 7 மணி நேரம் தாமதம் என்று குறுஞ்செய்தி வந்ததால் பயணத்தைக் கைவிட்டேன். ரத்துக் கட்டணம் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் தந்தார்கள். இது சரியா?
– வாசகி, கோவை

பதில்: சரியில்லை. தாமதம் 6 மணி நேரத்தைத் தாண்டினால் மாற்று விமானமா, முழுப் பணமா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுடையது. முகவர் வழியாக டிக்கெட் எடுத்திருந்தாலும் பணத்தைத் திருப்பித் தரும் பொறுப்பு விமான நிறுவனத்தையே சேரும். அந்தக் குறுஞ்செய்தியை அழிக்காமல் வைத்திருங்கள்; அதுதான் உங்கள் சான்று. முதலில் நிறுவனத்துக்கு எழுத்து மூலம் புகார் அனுப்புங்கள். பதில் வராவிட்டால், விமானப் பயணிகளின் புகார்களுக்கான மத்திய அரசின் ஏர்சேவா இணையதளத்திலும், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இலும் பதிவு செய்யுங்கள். அதற்கும் அசையாவிட்டால் கோவை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குத் தொடுக்கலாம். வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை, நீங்களே வாதாடலாம்.