வீட்டுப் போக்கருக்கு எந்தச் சிப்பு, எத்தனை சிப்பு?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருப்பது: "ஓணத்துக்கும் தீபாவளிக்கும் மைத்துனர்களும் பங்காளிகளுமாக எட்டுப் பேர் கூடிச் சீட்டாடுவது எங்கள் குடும்பத்து வழக்கம். முன்பெல்லாம் ரம்மியும் இருபத்தெட்டும் ஆடினோம்; கோவையில் வேலை பார்க்கும் இளையவர்களால் இப்போது போக்கர் வந்துவிட்டது. பிளைண்ட் (சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் கட்டாயமாக வைக்கும் தொகை) 1 ரூபாய், 2 ரூபாய். ஆளுக்கு 200 ரூபாயோடு உட்காருவோம். இதுவரை புளியங்கொட்டையும் சோழியும் வைத்துச் சமாளித்தோம். அலுமினியப் பெட்டியில் 500 சிப்பு (காசுக்குப் பதிலாக வைத்து ஆடும் வட்டு), ஒவ்வொன்றும் 14 கிராம், கேசினோ தரத்துக் கிளே (களிமண்) என்று ஒரு செட் விற்பனைக்கு வந்திருக்கிறது. வாங்கலாமா? எண் அச்சிட்டது நல்லதா, அச்சிடாதது நல்லதா?"

அந்தச் செட்டை வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. அமெரிக்கக் கேசினோக்களில் நெடுங்காலமாகப் புழங்கிவரும், கிளே கலவையை அச்சில் அழுத்தி வார்த்த சிப்பின் எடை ஏறத்தாழ 8.5 கிராமிலிருந்து 10 கிராம் வரைதான். விட்டம் 39 மில்லிமீட்டர், தடிமன் 3 மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். அதே அளவுள்ள ஒரு சிப்பு 14 கிராம் எடை காட்டுகிறது என்றால், அதன் வயிற்றில் உலோகத் தகடு ஒன்றை வைத்துச் சுற்றிலும் பிளாஸ்டிக்கை வார்த்திருக்கிறார்கள் என்று பொருள். பெட்டியின் மேல் கிளே என்று எழுதியிருந்தாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கே. நானும் முதன்முதலில் இப்படி ஒரு செட்டைத்தான் வாங்கினேன். கையில் எடுத்ததும் கனத்தில் மயங்கியது உண்மை, ஆனால் இரண்டு மழைக்காலம் கழிவதற்குள் நடுவில் ஒட்டியிருந்த எண் வில்லைகள் ஓரம் தூக்கிக்கொண்டு உரியத் தொடங்கிவிட்டன. இன்னொன்றையும் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்: 500 சிப்பு, 14 கிராம் வீதம், பெட்டியைச் சேர்க்காமலே 7 கிலோ. இந்த ஆண்டு உங்கள் வீட்டிலும் அடுத்த ஆண்டு பொள்ளாச்சி மைத்துனர் வீட்டிலுமாக ஆட்டம் நடந்தால், அதைப் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போகிறவர் படும் பாட்டையும் நினைக்க வேண்டும்.

எடையைவிட முக்கியமானது, எந்த மதிப்பில் எத்தனை சிப்பு என்னும் பங்கீடு. இதைத்தான் பெட்டி விற்பவர்கள் யாரும் கவனிப்பதில்லை. எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில் நிரப்பி அனுப்பிவிடுகிறார்கள். நீங்கள் ஆடுவது போன்ற, சிப்பில் உள்ள மதிப்பே பணமாகும் கேஷ் ஆட்டத்தில் பிளைண்ட் கடைசிவரை உயர்வதில்லையாதலால், இரவு முழுவதும் உழைப்பது 5 ரூபாய்ச் சிப்புதான்: ஏற்றிக் கேட்பதும், ஈடுகொடுப்பதும், நடுவில் குவிந்த தொகையைப் பிரிப்பதும் பெரும்பாலும் அதில்தான் நடக்கும். 1 ரூபாய்ச் சிப்பு பிளைண்ட் வைக்கவும் சில்லறை சரிக்கட்டவும் மட்டுமே வேண்டியிருப்பதால் ஆளுக்குப் பத்து இருந்தால் தாராளம். அதற்கு மேல் கொடுத்தால் மேசை நிறையும், ஆட்டம் மெதுவாகும்.

ஆகவே 200 ரூபாய்க்கு, 1 ரூபாயில் 10, 5 ரூபாயில் 14, 20 ரூபாயில் 6 என்று கொடுங்கள். 10, 70, 120 ஆகக் கூடி 200 சரியாக வரும். எட்டுப் பேருக்கு முறையே 80, 112, 48, மொத்தம் 240 சிப்பு. இதற்கு மேல் 5 ரூபாயில் 8, 20 ரூபாயில் 12, 100 ரூபாயில் 40 சேர்த்தால் 300 ஆகிவிடும். அந்த 300 சிப்பின் மொத்த மதிப்பு 5,880 ரூபாய், அதாவது 200 ரூபாய் வீதம் 29 பேர் உட்காரும் அளவு. இழந்தவர் மறுபடி பணம் கட்டும்போது 100 ரூபாய்ச் சிப்பு இரண்டைக் கொடுத்தால் போதும், சில்லறையை மேசையிலிருப்பவர்களிடமே மாற்றிக்கொள்வார். எனவே உங்களுக்கு 500 தேவையில்லை. தட்டு அல்லது பெட்டிக் கணக்கில் விற்பவரைவிட, நிறவாரியாக உதிரியாக விற்பவரைத் தேடுங்கள்.

25 என்றில்லாமல் 20 என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. வெள்ளை 1, சிவப்பு 5, பச்சை 25, கறுப்பு 100 என்பது அமெரிக்க வழக்கம். கால் டாலர் நாணயத்தை நாள்தோறும் புழங்குகிறவர்களுக்கு 25இன் வாய்ப்பாடு இயல்பாக வரும். நம் கையில் புழங்குவது 10, 20, 50, 100 நோட்டுகள். மூன்று இருபது அறுபது என்று சொல்ல நம் வீட்டுப் பெரியவர்கள் யோசிக்க மாட்டார்கள். ஏழு இருபத்தைந்து என்றால் ஒரு கணம் நிற்பார்கள், அந்த ஒரு கணம் ஒவ்வொரு சுற்றிலும் சேர்ந்துகொண்டே போகும். 25 அச்சிட்ட செட்டுதான் கிடைத்தது என்றால் அதனால் ஆட்டம் கெட்டுவிடாது. ஆனால் 500, 1000, 5000 என்று அச்சிட்டவை, பிளைண்ட் ஏறிக்கொண்டே போகும் டோர்னமெண்ட் எனும் போட்டிகளுக்கான செட்டுகள், அவற்றை உங்கள் ஆட்டத்துக்கு எப்படியும் பயன்படுத்த முடியாது.

எண் அச்சிடாத சிப்புக்கு இன்று 5, நாளை 50 என்று விருப்பம்போல் மதிப்பு வைத்துக்கொள்ளலாம் என்பது உண்மைதான். ஆனால் எட்டுப் பேரில் இரண்டு பேர் ஆண்டுக்கு இரண்டு முறை மட்டுமே ஆடுகிறவர்கள் என்றால், நீலம் ஐந்தா இருபதா என்ற கேள்வி நள்ளிரவுக்குள் நாலு முறை எழும். அதில் ஒரு முறையாவது மனத்தாங்கலில் முடியும். ஆகவே உங்களுக்கு எண் அச்சிட்டதே ஏற்றது. நாணயக் குறி எதுவும் இல்லாமல் வெறும் எண் மட்டும் இருந்தால் இன்னும் நல்லது. கையில் காசு இருந்தால் செராமிக் சிப்பு செய்வித்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய 10 கிராம் எடையுள்ள அதில் எண்ணும் கோலமும் மேற்பரப்பிலேயே பதிந்துவிடுவதால் உரிவதற்கு வில்லை என்று ஒன்று இல்லை. 1, 5, 20, 100 என்று நீங்கள் கேட்கும் எண்ணையே அச்சிட்டும் வாங்கலாம். செலவு அதிகம் என்று தோன்றினால், மலிவான பிளாஸ்டிக்கிலேயே எண்ணை வார்ப்பில் பதித்தவற்றை வாங்குங்கள். வில்லை ஒட்டியதை மட்டும் தவிருங்கள்.

நிறத்தைப் பகலில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நீலமும் பச்சையும், கறுப்பும் ஊதாவும் டியூப் லைட்டின்கீழ் ஒன்றுபோலத் தோன்றும் செட்டுகளைப் பார்த்திருக்கிறேன். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதவர் ஒருவர் குடும்பத்தில் இருந்தால், அடுத்தடுத்த மதிப்புகளில் ஒன்று வெளிர்நிறமாகவும் மற்றது அடர்நிறமாகவும் இருக்கட்டும். அடுக்கிவைத்த சிப்பைப் பக்கவாட்டில்தான் எல்லோரும் பார்க்கிறார்கள் என்பதால் விளிம்பிலும் நிற வேறுபாடு தெரிய வேண்டும்.

சிப்பு வைத்து ஆடினால் அது பணம் ஆகாது என்று சிலர் நம்புவதைக் கேட்டிருக்கிறேன், அது தவறு. கேரளத்தில் 1960ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டமும், எல்லையிலுள்ள வேலந்தாவளத்தைத் தாண்டினால் தமிழ்நாட்டின் 1930ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கின்றன. இத்தகைய சட்டங்களில் இடத்துக்காரர் ஆட்டத்திலிருந்து ஆதாயம் எடுக்கிறாரா என்பது முக்கியமான கேள்வி. ஆகவே சிப்பு வாங்கிய செலவை ஈடுகட்ட ஒவ்வொரு முறை சீட்டுப் போடும்போதும் ஒரு ரூபாய் ஒதுக்கும் யோசனை யாரிடமிருந்து வந்தாலும் ஏற்காதீர்கள். செலவை எட்டுப் பேரும் முதலிலேயே பங்கிட்டுவிடுங்கள். பணம் வைத்து ஆடுவதைப் பற்றி உங்கள் ஊர் வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பாயிண்ட் கணக்கில் ஆடினாலும் மேற்சொன்ன பங்கீடு அப்படியே பொருந்தும்.

அலுமினியப் பெட்டிக்குப் பதிலாக நூறு சிப்பு கொள்ளும் அக்ரிலிக் தட்டுகள் மூன்று வாங்குவது மேல். ஒரு தட்டில் இருபது வீதம் ஐந்து வரிசை இருப்பதால், ஆட்டம் முடிந்து அடுக்கும்போதே ஒன்று குறைந்தாலும் கண்ணில் படும். மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும் பஞ்சு மெத்தையும் அதில் இல்லை. கண்ணாடி மேசையில் சிப்பு வழுக்கும், சிமெண்டுத் தரையில் விளிம்பு சிதையும். பவானி ஜமுக்காளம் ஒன்றை இரண்டாக மடித்து விரித்தால் இரண்டுக்கும் தீர்வு. உங்கள் பக்கத்தில் சிப்ஸ் என்றாலே முதலில் நினைவுக்கு வருவது நேந்திரங்காய் வறுவல் என்பதால் இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது: அந்தத் தட்டைத் தள்ளி வையுங்கள். தேங்காயெண்ணெய் பட்ட சிப்பு ஒன்றோடொன்று ஒட்டும், அழுக்கையும் இழுக்கும். பட்டுவிட்டால் வெதுவெதுப்பான நீரில் சிறிது சோப்பு கலந்து, பழைய பல்துலக்கியால் மென்மையாகத் தேய்த்து, ஊறவிடாமல் உடனே துடைத்து நிழலில் உலர்த்துங்கள்.

முழுத் தொகையையும் கொடுப்பதற்கு முன், ஒரே நிறத்தில் இருபது சிப்பை மட்டும் வரவழையுங்கள். ஒவ்வொன்றையும் கண்ணாடிமேல் வைத்து விரலால் சுண்டிப் பாருங்கள்; பம்பரம்போல் சுற்றினால் அது வளைந்திருக்கிறது. பிறகு இருபதையும் ஒரே அடுக்காக வைத்து மேசையை லேசாகத் தட்டுங்கள். சாய்ந்தால் திருப்பி அனுப்பிவிட்டு வேறு விற்பனையாளரைப் பாருங்கள்.