ஜட்காவுக்கு யார் பெயர் வைத்தது?

கேள்வி: குதிரை வண்டியை ஜட்கா என்கிறோமே, அது ‘சகடம்’ என்பதன் திரிபு என்று எங்கள் தமிழாசிரியர் சொல்வார். சரிதானா? சாரட்டும் ஜட்காவும் ஒன்றா?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: ஆசிரியர் மேல் மரியாதை உண்டு. ஆனாலும் இதற்கு என்னால் தலையாட்ட முடியவில்லை. சகடம் பழைய சொல்தான். செல்வம் ‘சகடக்கால்போல வரும்’ என்கிறது நாலடியார். ஆனால் சகடம் ஜட்காவாக வேண்டுமானால் சகரம் ஜகரமாகி, ககரமும் டகரமும் இடம் மாறிக்கொள்ள வேண்டும். இத்தனை கழைக்கூத்து எதற்கு? இந்தியிலும் உருதுவிலும் ஜட்கா என்றால் வெடுக்கென்ற உலுக்கல். ஒரே வெட்டில் ஆட்டை வெட்டுவதை வடக்கே ஜட்கா என்கிறார்களே, அதுவும் இதே சொல்தான். தெலுங்கரும் கன்னடரும்கூட இந்த வண்டியை இப்படித்தான் அழைத்தார்கள். ஓட்டியவர்களில் தக்கனி உருது பேசிய சாயபுகள் பலர். பெயரும் அந்தப் பேச்சிலிருந்து வந்ததே.

1886இல் வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதி, பின்பக்கமாக ஏறும் இந்தச் சென்னை வண்டியை வர்ணித்துவிட்டு, சொல்லுக்கு ‘விரைவு’ என்று பொருள் தருகிறது. என் இடுப்பு அதை ஒப்புக்கொள்ளாது. சிறுவயதில் ரயிலடியிலிருந்து வீட்டுக்கு ஜட்காவில்தான் போவோம். கீழே புல் பரப்பி, மேலே சாக்கு விரித்திருக்கும். முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால், பள்ளம் வரும்போதெல்லாம் தலை கூண்டில் இடிக்கும். வண்டி நகர்வதற்குள் நான்கு முறையாவது, “முன்னுக்கு வாருங்கள், முன்னுக்கு வாருங்கள்” என்பார் வண்டிக்காரர். என் வாழ்க்கையில் அவ்வளவு அக்கறையாக அப்படிச் சொன்னவர் வேறு யாருமில்லை! இரண்டே சக்கரம் அல்லவா? பின்பாரம் ஆகிவிட்டால் முன்பக்கம் மேலே எழும்பி, குதிரையின் வயிற்று வாரை இழுத்துப் பிடிக்கும்.

சாரட்டு வேறு. நான்கு சக்கரம், திறந்த மேல்புறம், ராஜா அல்லது மாப்பிள்ளை. ஆங்கிலத்துச் ‘சாரியட்’ நம் வாயில் சாரட்டு ஆனது. அதில் முன்பாரம், பின்பாரம் என்ற பேச்சே இல்லை.

இன்னும் சந்தேகம் தீரவில்லை என்றால் பழனிக்குப் போய்வாருங்கள். அங்கே இன்றும் குதிரை வண்டி ஓடுகிறது. ஆசிரியரையும் அழைத்துப் போங்கள். அவரை மட்டும் பின்னால் உட்கார வைத்துவிடாதீர்கள்.