ஞாயித்துக்கிழமை ஏற்காடு, வியாழக்கிழமை புது பெடல்

சைக்கிள் கேள்வி - பதில்

கேள்வி (அம்மாபேட்டை வாசகர்): அண்ணா, ரெண்டு வருஷமா எம்டிபி (மலை சைக்கிள்) ஓட்டுறேன், சாதா பிளாட் பெடல்தான். வர்ற ஞாயித்துக்கிழமை எங்க குரூப்புல பத்து பேர் ஏற்காடு போறோம், மேல மண் ரோட்டுல கொஞ்சம் சுத்திட்டு மத்தியானம் இறங்குறதா பிளான். நேத்து வியாழக்கிழமைதான் ஷூவைப் பூட்டிக்கிற கிளிப் பெடலும் அதுக்கான ஷூவும் வந்துச்சு. அதோட முன்னாடி பின்னாடி டிஸ்க் பிரேக் பேடு, அது பிடிக்கிற ரோட்டார் தட்டு எல்லாம் புதுசா மாத்தக் கடையில குடுத்திருக்கேன், சீட்டும் புதுசு. எல்லாத்தையும் மாட்டிக்கிட்டே போயிடலாமா? குரூப்புல எல்லாரும் கிளிப்தான், நான் மட்டும் பிளாட்ல போனா ஏத்தத்துல பின்தங்கிடுவேனோன்னு இருக்கு.

பதில்: தம்பி, பெடலும் ஷூவும் இப்போதைக்கு டப்பாவுலயே தூங்கட்டும். சீட்டு பழசே போதும். பிரேக்கை மட்டும் மாத்துங்க, அதுவும் சனிக்கிழமை நாள் முழுக்க உங்க கையில இருந்தாத்தான்.

இதே கூத்தை நானும் பண்ணியிருக்கேன். சனிக்கிழமை ராத்திரி பதினொரு மணிக்கு ஹால்ல உட்கார்ந்து, வீட்டுல திட்டத் திட்ட, ஷூவுக்கு அடியில கிளீட்டை, அதாவது பெடல்ல போய்ப் பூட்டிக்கிற சின்ன உலோகத் துண்டை, மாட்டினேன். ஒரு ஷூவுக்கு ரெண்டு போல்ட்டு, 4 எம்எம் அலன் கீ. கையில இருந்தது சுண்டுவிரல் அளவு கீ, சரி இறுகிடுச்சுன்னு நானே முடிவு பண்ணி படுத்துட்டேன். காலையில அடிவாரம் வரைக்கும் ஒரு குறையும் இல்ல, என்னமா இழுக்குதுன்னு பெருமை வேற. 20 கொண்டை ஊசி வளைவுல ஏழாவதோ எட்டாவதோ, மேல இருந்து பஸ் இறங்குது, வளைவுல பஸ்ஸுக்கு மொத்த ரோடும் வேணும், நாம ஒதுங்கி நின்னுதான் ஆகணும். குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினேன், கழறல. இன்னும் திருப்பினேன், ஷூ பாட்டுக்கு சுத்துது, கிளீட்டு பெடலை விட்டு அசையவே இல்ல. ரெண்டு போல்ட்டுல ஒண்ணு வர்ற வழியில எங்கயோ உருண்டு போச்சு, மிச்சம் இருந்த ஒத்த போல்ட்டை அச்சா வச்சுக்கிட்டு ஷூ மட்டும் சுத்துது, பூட்டு திறக்கிறதுக்கு வேண்டிய முறுக்கு கிளீட்டுக்குப் போய்ச் சேரல. நடக்கிற வேகத்துல, வாழைமரம் சாயுற மாதிரி, அப்படியே சாஞ்சேன். நல்லவேளை பாறைப்பக்கம், பள்ளத்துப் பக்கம் இல்ல.

அப்புறம் லேசை அவுத்து காலை உருவினேன். ஷூ பெடல்லயே தொங்குது, நான் ரோட்டோரத்துல ஒத்தக்கால் சாக்ஸோட நிக்கிறேன். பெடல்ல பிடியோட இறுக்கத்தை மாத்துற டென்ஷன் ஸ்க்ரூவை முழுசா லூஸ் பண்ணி, ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பி எடுக்கிறதுக்குள்ள முக்கால் மணி நேரம். எட்டு பேர் தடுப்புச் சுவத்துல உட்கார்ந்து, குரங்குக்கு பயந்து பிஸ்கட் பாக்கெட்டை ஜெர்சிக்குள்ள ஒளிச்சு வச்சுக்கிட்டு எனக்காக காத்திருந்தாங்க. அதுல ஒருத்தர் நாமக்கல்ல இருந்து விடியறதுக்கு முன்னாடி கிளம்பி வந்தவர், அவர் முகத்தை இன்னும் மறக்கல.

பெடல் மேல தப்பே இல்ல, இதே கண்ணங்குறிச்சிப் பக்கம் தனியா போறப்ப நடந்திருந்தா வண்டியைத் தள்ளிக்கிட்டு வீட்டுக்கு வந்திருப்பேன், யாருக்கும் தெரிஞ்சிருக்காது. புதுசா மாட்டுற எதுவும் முதல் தகராறை நம்மகிட்ட தனியா பண்ணி முடிக்கணும், பத்து பேர் லீவு நாளைச் செலவு பண்ணி இல்ல.

அதனால அடுத்த வாரம் மாட்டுங்க. போல்ட்டு மரையில துளி கிரீஸ் வச்சு 5 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்குங்க, இறுக்கத்தை அளந்து காட்டுற டார்க் கீ இல்லன்னா கடையில குடுத்துடுங்க, முதல் ஓட்டம் முடிஞ்சதும் இன்னொரு தடவை இறுக்கிப் பாருங்க. பெடல் டென்ஷனை ரொம்ப லூஸா வைங்க. ஷிமானோ கம்பெனியோட எஸ்பிடி வகை கிளிப் பெடல்னா பெட்டியில எஸ்ஹெச்51 கிளீட்டுதான் பெரும்பாலும் இருக்கும், அது குதிகாலை பக்கவாட்டுல திருப்பினாத்தான் விடும். எஸ்ஹெச்56னு தனியா விக்கிறாங்க, பதட்டத்துல குதிகாலை எந்தப் பக்கம் திருப்பினாலும் விட்டுடும், புதுசா பழகுறவங்களுக்கு அதைத்தான் நான் சொல்லுவேன். முதல்ல சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு ஒவ்வொரு காலுக்கும் அம்பது தடவை மாட்டிக் கழட்டுங்க, அப்புறம் கோரிமேட்டுல இருந்து அடிவாரம் வரைக்கும் நாலஞ்சு காலை போய்ட்டு வாங்க, லேசான ஏத்தம், நின்னு நின்னு பழகலாம். அப்பத்தான் கிளீட்டு இருக்கிற இடம் முட்டிக்கு ஒத்துவருதான்னும் தெரியும். நிமிஷத்துக்கு 60 சுத்துன்னு ரெண்டரை மணி நேரம் ஏறினா 9,000 தடவை முட்டி மடங்குது. கிளீட்டு ரெண்டு மில்லிமீட்டர் கோணலா இருந்தா பதினஞ்சாவது வளைவுக்குள்ள முட்டியே சொல்லிடும்.

பின்தங்குறதைப் பத்தி யோசிக்காதீங்க. மேல சின்னச் சின்ன முள்ளு வச்ச பிளாட் பெடலும் நல்ல ரப்பர் அடி ஷூவும் இருந்தா இந்த ஏத்தத்துக்குத் தாராளம். மூச்சுதான் பத்தாது, அதுக்கு எந்தக் கடையிலயும் பார்ட்டு கிடைக்காது.

இப்ப பிரேக்கு. உங்க லிஸ்ட்டுல எனக்கு உண்மையிலேயே பயம் இதுலதான். புது பேடு புது ரோட்டார்ல உடனே பிடிக்காது, பேடுல இருக்கிற பொருள் ரோட்டார் மேல மெல்லிசா படிஞ்சாத்தான் பிடிப்பு வரும். அது படியாமலே 1,500 மீட்டர் உயரத்துல இருந்து சேலத்துக்கு இறங்கினா, பயத்துல லீவரை அமுக்கிக்கிட்டே வருவீங்க, சூடு ஏறி பேடு கண்ணாடி மாதிரி வழவழன்னு ஆயிடும், அப்புறம் கத்தும், ஆனா நிக்காது. சனிக்கிழமை காலையில ஆள் இல்லாத நேர் ரோடா பாத்து 20 கிலோமீட்டர் வேகத்துக்குப் போய், நடக்கிற வேகம் வரைக்கும் ஒரே சீரா பிடிச்சு விடுங்க. சக்கரம் லாக் ஆகக் கூடாது, முழுசா நிக்கவும் கூடாது. முன்னாடி 20 தடவை, பின்னாடி 20 தடவை. ஒவ்வொண்ணுக்கும் பிடிப்பு கூடிக்கிட்டே வர்றது கையிலயே தெரியும். ரோட்டாரை விரலால தொடாதீங்க, செயினுக்கு எண்ணெய் ஸ்ப்ரே அடிக்கிறப்ப அந்தப் பக்கம் ஒரு பழைய துணியைப் போட்டு மூடிக்கோங்க. லீவரோட மொத்தமா மாத்துறதா இருந்தா எந்தக் கை எந்த சக்கரம்னு கடையை விட்டு வெளிய வர்றதுக்கு முன்னாடி பாத்துடுங்க. நமக்கு வலது கைன்னா முன் பிரேக்கு, அமெரிக்கப் பழக்கத்துல வர்ற செட்டுல அது இடது கையில இருக்கும். வளைவுல போய்த்தான் அது தெரிய வருதுன்னா ரொம்ப லேட்டு.

சீட்டு பழசுன்னு சொன்னேன்ல, காரணம் இருக்கு. ஒவ்வொரு சீட்டும் ஒவ்வொரு கனம், மாத்தினா உயரமே மாறிடும். பின்னால மாத்துறப்ப கிராங்க் (பெடல் தண்டு) சுத்துற அச்சோட நடுவுல இருந்து சீட்டு மேல்பக்கம் வரைக்கும் டேப்பால அளந்து பழைய அளவுக்கே வைங்க. நாலையும் ஒரே நாள்ல மாத்திட்டு மலையில ஒரு 'கிரீச்' கேட்டா, எது கத்துதுன்னு எங்கேன்னு தேடுவீங்க?

கேள்வி (ஓமலூர் வாசகர்): ரைடுக்குன்னு புது செயின் போட்டேன், ஏத்தத்துல அழுத்தி மிதிச்சா டக்கு டக்குன்னு தாவுது. செயின் டூப்ளிகேட்டா?

பதில்: இருக்காதுங்க. பின்னாடி கேசட் (பின் சக்கரத்துப் பல்சக்கர அடுக்கு) பல்லு பழைய செயினோட சேந்து தேஞ்சிருக்கும், பழசும் பழசும் ஒத்துப் போச்சு, புதுசு உட்கார மாட்டேங்குது. செயின் எவ்வளவு தேஞ்சு நீண்டிருக்குன்னு பாக்குற கேஜ்ல 0.75 சதவீதம் தாண்டின செயினை ரொம்ப நாள் ஓட்டினா இதுதான் கதி. கேசட்டும் சேத்து மாத்தணும். ரைடு நாளைக்கேன்னா பழைய செயினையே திரும்பப் போட்டுக்கிட்டுப் போங்க, தூக்கிப் போடலையே?

கேள்வி (அயோத்தியாப்பட்டணம் வாசகர்): சனிக்கிழமை சாயந்திரம் டியூப்லெஸ் மாத்திட்டு ஞாயிறு காலை ஏறலாமா?

பதில்: காலையில எழுந்ததும் காத்து எவ்வளவு இறங்கியிருக்குன்னு பாருங்க, நிறைய இறங்கியிருந்தா டியூபைப் போட்டுட்டுப் போங்க. இறங்கலன்னாலும் ஒரு டியூப் பையில இருக்கணும். டியூப்லெஸ் ரிம்முல ஓட்டை பெரும்பாலும் மெல்லிசு பிரெஸ்டா வால்வுக்குத்தான், நம்ம ஊர்க் கடையில சட்டுன்னு கைக்கு வர்றது கார் வால்வு டியூப், அது நுழையாது. இன்னைக்கே வாங்கி, ஒரு தடவை நுழைச்சுப் பாத்துட்டு மடிச்சு வைங்க.