சுரந்ததா, குடித்ததா?

கேள்வி: எம்.எஸ்ஸி. புராஜெக்ட்டுக்காக, ஸ்டெம் செல்லிலிருந்து, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்லை வளர்க்கும் ஆய்வகத்தில் சேரப்போகிறேன். தட்டில் வளர்ந்திருப்பது பீட்டா செல்தான் என்று எதை வைத்துச் சொல்வது? இன்சுலின் இருந்தால் போதாதா?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: போதும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். சேர்ந்த புதிதில், இன்சுலினில் ஒட்டி அதை ஒளிரவைக்கும் ஆன்டிபாடி போட்ட ஸ்லைடு மைக்ரோஸ்கோப்பில் செக்கச்செவேலென்று ஒளிர்ந்ததும், சாப்பிட்டுக்கொண்டிருந்த சீனியர் அக்காவைக் கைகழுவக்கூட விடாமல் இழுத்துவந்தேன். எட்டிப் பார்த்தவர், "மீடியத்துல என்னம்மா ஊத்துன?" என்றார். மீடியம் என்ற அந்த ஊட்டக் கரைசலில் இன்சுலினும் இருந்தது. செல் வளர்வதற்காக நாமே சேர்ப்பதுதான். செல் அதைக் குடித்திருக்கிறது, நான் சுரந்ததாக எண்ணிவிட்டேன். ஹார்வர்டில் டக்ளஸ் மெல்டனின் குழு 2003-லேயே 'சயின்ஸ்' இதழில் இதை எச்சரித்திருந்தது. படிக்காதது என் தப்பு.

அதனால் சி-பெப்டைடைத் தேடுங்கள். செல்லுக்குள் முதலில் உருவாவது புரோஇன்சுலின். அதை வெட்டி இன்சுலின் ஆக்கும்போது நடுவிலிருந்து கழன்று வருவது இந்தத் துண்டு. மனிதருக்கு 31 அமினோ அமிலம். பாட்டில் இன்சுலினில் இது கிடையாது. செல்லுக்குள் இது தெரிந்தால் சொந்தச் சமையல்தான். இன்சுலின் ஊசி போடுபவருக்கு டாக்டர் சி-பெப்டைடு டெஸ்ட் எழுதுவதும் இதற்காகத்தான்.

கூடவே பிடிஎக்ஸ்1, என்கேஎக்ஸ்6.1 என்ற பீட்டா செல்லின் அடையாளப் புரதங்கள் இரண்டும் வேண்டும். பிடிஎக்ஸ்1 மரபணுவை நீக்கிய சுண்டெலிக்குக் கணையமே உருவாகாது. இந்தப் புரதங்கள் உட்கருவுக்குள் இருப்பவை. சி-பெப்டைடு அதற்கு வெளியே. எனவே நல்ல செல் ஆஃப்பாயில் மாதிரி தெரியும்: நடுவில் இந்தப் புரதங்களின் பச்சை, சுற்றிலும் சி-பெப்டைடின் சிவப்பு. பச்சை உடைந்து ஓடிய மஞ்சள் கரு மாதிரி எங்கும் பரவியிருந்தால், செல்லைக் கொண்டாடுவதற்கு முன் ஆன்டிபாடியைச் சந்தேகப்படுங்கள்.

சரி, கணையத்தின் இன்னொரு ஹார்மோனான குளுக்ககானையும் பாருங்கள். அதுவும் இன்சுலினும் ஒரே செல்லில் இருந்தால், அது முதிர்ந்த பீட்டா செல் அல்ல.

அப்புறம், என்ஜிஎன்3 என்ற இன்னொரு புரதம். ஹார்மோன் செல்லாக மாறப்போகும் செல்லில் கொஞ்ச காலம் தலைகாட்டிவிட்டு மறைந்துவிடும். கடைசி நாள் ஸ்லைடில் அதைக் காணோமென்று தட்டைக் கொட்டிவிடாதீர்கள். நடுவில் சில நாட்கள் மாதிரி எடுத்து வைத்திருந்தால் அதில் தேடுங்கள்.