காலையில் கரகர: டைமிங் செயின் கேள்வி–பதில்

சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து வந்த கடிதங்களில் டைமிங் செயின் (பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டிலிருந்து, வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டுகளுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் எஞ்சின் உட்சங்கிலி) பற்றியவற்றை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: என் பழைய ஹோண்டா சிவிக் இஜி-யில் ஹாஃப் கட் (வெளிநாட்டிலிருந்து வெட்டி வந்த பழைய காடியின் முன்பாதி) கே20ஏ எஞ்சின் ஏற்றி, பெரிய கேம், கடினமான வால்வு ஸ்பிரிங் எல்லாம் போட்டிருக்கிறேன். காலையில் ஸ்டார்ட் செய்தால் கரகரவென்று ஒரு சத்தம். மெனோரா சுரங்கம் தாண்டி இறக்கத்தில் பெடலை விட்டால் எஞ்சினின் புல்லி பக்கம் சலசலக்கிறது. செயின் நீண்டுவிட்டது, முழு செட்டையும் மாற்ற வேண்டும் என்கிறார் பட்டறைக்காரர். மாற்றலாமா?

நீங்கள் சொல்வது இரண்டு சத்தம். இரண்டும் ஒரே இடத்திலிருந்து வரவேண்டும் என்று இல்லை.

இரவு முழுக்க நின்ற காடி ஸ்டார்ட் ஆனதும் ஓரிரு விநாடி கரகரத்து நின்றுவிட்டால், முதலில் இன்டேக் கேம் முனையில், வால்வு திறக்கும் நேரத்தை எண்ணெய் அழுத்தத்தால் மாற்றும் விடிசி கியரைச் சந்தேகப்படுங்கள். அதன் உள்ளே இருக்கும் பூட்டு ஊசி தேய்ந்தால், எண்ணெய் அழுத்தம் ஏறும்வரை கியர் முன்னும் பின்னும் அடித்துக்கொள்ளும். புதுச் செயின் போட்டாலும் அந்தச் சத்தம் போகாது. பெடலை விடும்போது வரும் சலசலப்புதான், செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் அதை வழியில் தாங்கும் கைடையும் காட்டுகிறது. அவசரமாகப் பார்க்கவேண்டியது இதைத்தான்.

செயின் 'நீளுகிறது' என்கிறோமே, தகடு ரப்பர் போல இழுபடுவதில்லை. ஒவ்வொரு மூட்டிலும் ஊசியும் துளையும் தேய்கின்றன. மூட்டுக்கு 0.01 மி.மீ. தேய்ந்தால் நூறு மூட்டில் ஒரு மி.மீ. ஆகிவிடும். அதனால் இரண்டு கேமும் கிராங்கை விடப் பின்தங்கும். ஸ்கேனரில் பி0341 என்ற பிழைக்குறியீடு விழுந்தால் கேமும் கிராங்கும் ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். செயின் நீண்டிருக்கலாம், அல்லது ஒரு பல் தாண்டியிருக்கலாம். குறியீடு விழாததால் மட்டும் செயின் நலம் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

பெரிய கேம் போட்டவர்களுக்கு டென்ஷனர் ஏன் சீக்கிரம் போகிறது? வால்வு திறக்கும்போது ஸ்பிரிங் கேமை எதிர்த்துப் பிடிக்கிறது, மூடும்போது அதே ஸ்பிரிங் கேமை முன்னே தள்ளிவிடுகிறது. ஸ்பிரிங் கடினமாக ஆக, செயினில் இந்த இழுப்பும் தளர்வும் கூடும். அடி முழுக்க டென்ஷனர் தண்டின் ராட்செட் பற்களில் விழுகிறது. பல் மழுங்கினால் தண்டு பின்வாங்கும், செயின் தளரும், ஒரு பல் தாண்டும். கே20ஏ-வில் பிஸ்டனும் வால்வும் மோதிக்கொள்ளும் அமைப்பு. அதற்குப் பிறகு ஹெட்டைக் கழற்றாமல் பேச்சே இல்லை.

ஆகவே முழு செட்டுக்குப் பணம் கட்டுமுன் டென்ஷனரைக் கழற்றிப் பாருங்கள். இந்த எஞ்சினில் அதற்குப் பெரிய டைமிங் கவரைத் திறக்கவேண்டாம், கவர்மேல் ஒரு சிறு மூடி இருக்கிறது. எஞ்சின் ஆறியிருக்கட்டும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, நான்கு ஸ்பார்க் பிளக்கையும் எடுத்து, வால்வு கவரைத் திறந்து, முதல் சிலிண்டரின் பிஸ்டனை டாப்புக்கு (மேல் உச்சிக்கு) கொண்டுவாருங்கள். கே20ஏ சேர்ந்த கே சீரிஸ் புல்லி பக்கமிருந்து பார்த்தால் கடிகாரச் சுற்றில் ஓடும். ஹோண்டாவின் பழைய பி சீரிஸ் எஞ்சினில் பழகிய கை எதிர்ப்பக்கம் போய்விடும், கவனம். செயினும் இரண்டு கேம் ஸ்ப்ராக்கெட்டும் சேருமிடத்தில் பெயிண்ட் குறி வையுங்கள்.

பிறகு சிறு மூடியைக் கழற்றி, கிராங்கை மெதுவாக எதிர்ச்சுற்றில் திருப்புங்கள். தண்டு உள்ளே அமுங்கும். பூட்டின் துளையும் டென்ஷனர் உடலின் துளையும் நேராக வந்ததும் மெல்லிய ஊசி ஒன்றைச் செருகி, கிராங்கைக் கொஞ்சம் முன்னே திருப்பினால் ஊசி இறுகிவிடும். இப்போது டென்ஷனரைக் கழற்றலாம். கழற்றிய பின் கிராங்கைத் தொடவே கூடாது. தண்டின் பற்கள் உருண்டிருந்தாலோ, தண்டு அளவுக்கு மீறி வெளியே நீண்டிருந்தாலோ புதிது போடுங்கள். பற்கள் நன்றாக இருந்தும் தண்டு மட்டும் நீண்டிருந்தால் அப்போது பட்டறைக்காரர் சொன்னது சரி: செயினோ கைடோ தேய்ந்திருக்கிறது. புதியதை மாட்டி, ஊசியை உருவி, கையால் கிராங்கை இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். கிராங்க் குறியும் கேம் ஸ்ப்ராக்கெட் குறிகளும் மறுபடி பொருந்தவேண்டும். பெயிண்ட் குறி இந்தச் சோதனைக்கு உதவாது, சுற்றிய பின் செயின் வேறு இடத்தில் நிற்கும்.

முழு செட்டும் மாற்ற நேர்ந்தால் எண்ணெய்ச் சட்டியையும் கழற்றுங்கள். பம்ப் வடிகட்டியில் பிளாஸ்டிக் துண்டுகள் கிடந்தால் அவை கைடிலிருந்து உடைந்தவை. எண்ணெய்ப் பம்புக்கும் தனியாக ஒரு சின்னச் செயின் உண்டு, அதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். கிராங்க் புல்லி போல்ட்டை இறுக்கும் அளவு: பழைய கே20ஏ2 எஞ்சினில் 245 நியூட்டன் மீட்டர், பிந்தைய கே20இசட்3-இல் 49 நியூட்டன் மீட்டரும் அதன்மேல் 90 பாகையும். ஹாஃப் கட் என்பதால் எஞ்சின் எண்ணைப் பார்த்து, அதற்குரிய அளவையே வையுங்கள். லிக்விட் காஸ்கெட் பூசி மூடியபின் எண்ணெய் ஊற்ற 30 நிமிடம், ஸ்டார்ட் செய்ய 3 மணி நேரம் பொறுக்கவேண்டும். பட்டறைகளில் இந்த மூன்று மணி நேரத்தை யாரும் காத்திருப்பதில்லை, பிறகு எண்ணெய் கசிகிறது என்று திரும்ப வருவார்கள்.

கேள்வி: எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் டென்ஷனருக்குப் பதிலாக, கையால் இறுக்கும் டென்ஷனர் போட்டால் கவலை விட்டது என்கிறார்களே?

ரேஸ் ஓடிவிட்டு அடிக்கடி திறந்து பார்க்கும் எஞ்சினுக்கு அது சரி. தினமும் வேலைக்குப் போகும் காடிக்கு வேண்டாம். அலுமினிய பிளாக் சூட்டில் விரியும். ஆறிய எஞ்சினில் சரியாக இறுக்கியது சூட்டில் அதிக இறுக்கமாகி கைடைத் தின்னும். சூட்டுக்கு ஏற்றபடி வைத்தால் காலையில் தளர்ந்து சத்தம் போடும். புது ஒரிஜினல் டென்ஷனர் போதும். இணையத்தில் பாதி விலைக்கு வரும் நகலில் பல் எந்த இரும்பு என்று தெரியாது.

கேள்வி: எங்கள் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதைக்கும் செயினுக்கும் சம்பந்தம் உண்டா?

நிறைய உண்டு. காளான் வடிவத் திறந்த காற்று ஃபில்டர் போட்டு லோரிக்குப் பின்னால் போகிறவர்கள், ஃபில்டருக்கு அப்பால் உள்ள குழாயின் உட்பக்கத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணி சிவந்தால் தூசி எஞ்சினுக்குள் போகிறது. அது பிஸ்டன் ரிங் வழியாக எண்ணெயில் கலந்து, செயின் மூட்டுகளுக்குள் அரைக்கும் மாவாகிவிடும். பெட்ரோல் அதிகம் விட்டு டியூன் செய்த எஞ்சினில் இன்னொரு கேடு: எரியாத பெட்ரோல் எண்ணெயை நீர்க்கச் செய்யும். டிப்ஸ்டிக்கில் பெட்ரோல் வாடை வந்தால் முதலில் டியூனைத் திருத்துங்கள். மூடிய ஃபில்டர் பெட்டிக்கு மாறுங்கள். இந்தப் பாதையில் மினியாக் ஹீத்தாமை (எஞ்சின் எண்ணெயை) 5,000 கிலோமீட்டரில் மாற்றலாம். எண்ணெய் ஃபில்டரில் பின்னோட்டம் தடுக்கும் வால்வு நல்லதாக இருக்கட்டும். அது ஒழுகினால் இரவில் எண்ணெய் இறங்கி, காலையில் டென்ஷனர் வெறுமையாக நிற்கும்.

கேள்வி: முதல் தலைமுறை பெரோடுவா மைவி 1.3-க்கு டைமிங் பெல்ட் எத்தனை கிலோமீட்டரில் மாற்றவேண்டும்?

அதில் பெல்ட் இல்லை, செயின்தான். கிலோமீட்டர் கணக்கு வைத்து மாற்றவேண்டியதில்லை. எண்ணெயைக் கவனித்து, சத்தம் வந்தால் திறந்து பாருங்கள். பெல்ட் உள்ள புரோட்டோன் கேம்ப்ரோ எஞ்சின் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு பெல்ட் மாற்றுவதைத் தள்ளிப்போட வேண்டாம்.